யூனிட்டியின் சினிமஷீன்: மவுஸ் பிடித்த கையிலிருந்து ஒரு மதிப்புரை

மூன்றாம் நபர் பார்வையில் நடக்கும் ஒரு விளையாட்டைச் செய்யத் தொடங்குகிறவர் முதல் வாரத்திலேயே இரண்டு வேலைகளை முடித்துவிடுவார்: பாத்திரத்தை நடக்க வைப்பார், அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு கேமராவை நிறுத்துவார். நடை சரியாக இல்லாவிட்டால் விளையாடிப் பார்ப்பவர் அதை உடனே சொல்லிவிடுவார். கேமரா சரியாக இல்லாவிட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ‘என்னமோ மாதிரி இருக்கிறது’ என்பார், கண்ணைக் கசக்குவார், பத்து நிமிடத்தில் வேறு வேலை இருப்பதாக எழுந்துவிடுவார். அந்த ‘என்னமோ’ எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு போனதில்தான் இந்தக் கருவியை நான் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க நேர்ந்தது.

விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான யூனிட்டி எஞ்சினில் வேலை செய்கிறவர்களுக்குக் கேமராவைக் கட்டித் தரும் கருவிக்குச் சினிமஷீன் என்று பெயர். ஆடம் மைஹில் உருவாக்கிய இதனை யூனிட்டி நிறுவனம் தன்னுடையதாக்கிக்கொண்டு, 2017-இல் வெளிவந்த 2017.1 பதிப்போடு, காட்சிகளை நேரவரிசையில் அடுக்கும் டைம்லைன் கருவிக்குத் துணையாக இலவசமாகத் தரத் தொடங்கியது. பிறகு 2023-இல், பெருமளவு திருத்தி எழுதப்பட்ட 3 வரிசைப் பதிப்பு வந்தது. 2, 3 ஆகிய இரண்டு வரிசைகளிலும் மவுஸால் சுழற்றும் கேமராவை அமைத்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். கதைக்காட்சிகளுக்கு இது எவ்வளவு வசதியானது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அதைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: மவுஸை ஒரு விரற்கடை நகர்த்தினால், அந்த விரற்கடையை இந்தக் கேமரா மதிக்கிறதா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை சொல்லாமல் விட்டதைத் தானே முடிவு செய்வதில், அதாவது சுவருக்குள் புகாமல் இருப்பது, பாத்திரத்தைச் சட்டகத்துக்குள் வைத்துக்கொள்வது, ஒரு கேமராவிலிருந்து இன்னொன்றுக்கு உறுத்தாமல் மாறுவது போன்றவற்றில், சினிமஷீன் கைதேர்ந்தது. கை சொன்னதை அப்படியே செய்வதில், குறிப்பாக 2 வரிசையில் கருவியோடு வரும் இயல்பு அமைப்புகளைத் தொடாமல் விட்டால், அது மந்தமானது. இந்த இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: ஒளிப்பதிவாளரின் கண்ணோடு வடிவமைக்கப்பட்ட கருவி இது.

முதலில் மவுஸ் என்ன பேசுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். கேம்பேடின் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் அது ஒரு வேகத்தைச் சொல்கிறது: ‘இந்த அளவு வேகத்தில் திரும்பிக்கொண்டே இரு.’ மவுஸ் வேகத்தைச் சொல்வதே இல்லை. அது தூரத்தைச் சொல்கிறது: ‘இவ்வளவு நகர்ந்தேன், இவ்வளவு திரும்பு.’ 1996-இல் வந்த குவேக் விளையாட்டில் இந்த உறவு மிக எளிமையாக எழுதப்பட்டிருந்தது. மவுஸ் அனுப்பும் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பார்வை 0.022 டிகிரி திரும்பும். அதை விளையாடுகிறவர் தமக்கென்று வைத்துக்கொண்ட சென்சிட்டிவிட்டி எண்ணால் பெருக்குவார்கள். சென்சிட்டிவிட்டி 2 என்றும் மவுஸ் 800 டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு 800 எண்ணிக்கை) என்றும் வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 8,180 எண்ணிக்கைகள் தேவைப்படும். அதாவது மேசைமேல் 26 சென்டிமீட்டர். இந்தக் கணக்கில் நேரத்துக்கு இடமே இல்லை. மெதுவாக நகர்த்தினாலும் வெடுக்கென்று இழுத்தாலும் 13 சென்டிமீட்டருக்குப் பின்பக்கம் வந்துவிடும் என்பதைத் தோளும் மணிக்கட்டும் சில நாளில் கற்றுக்கொள்கின்றன. கற்ற பிறகு விளையாடுகிறவர் மவுஸை நினைப்பதில்லை. நல்ல மவுஸ் கேமரா என்று நாம் சொல்வதெல்லாம் இந்த மறதியைத்தான்.

சினிமஷீன் 2 வரிசையில் பாத்திரத்தைச் சுற்றிச் சுழலும் ‘ஃப்ரீலுக்’ கேமரா இந்த உறவை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. அதன் கிடைமட்ட அச்சில் இயல்பாக இருக்கும் ‘மேக்ஸ் ஸ்பீட்’ முறை, உள்ளே வரும் மவுஸ் அசைவை ஒரு வேகக் கோரிக்கையாகப் படித்து, அந்த வேகத்தை எட்ட 0.1 விநாடி முடுக்க நேரமும், நிற்க 0.1 விநாடித் தணிப்பு நேரமும் எடுத்துக்கொண்டு, விநாடிக்கு 300 டிகிரி என்ற உச்சவரம்பைத் தாண்டாமல் சுழல்கிறது. ஸ்டிக்கைப் பிடித்தவருக்கு இது அருமையான நடத்தை. மவுஸ் பிடித்தவருக்கோ மூன்று விதத்தில் இடிக்கும். முடுக்க நேரத்தால், சின்னத் திருத்தம் ஒன்றைச் செய்ய மவுஸை லேசாகத் தட்டும்போது அந்தத் தட்டலில் ஒரு பங்கு விழுங்கப்படுகிறது. தணிப்பு நேரத்தால், கை நின்ற பிறகும் பார்வை ஒரு கணம் வழுக்கிச் செல்கிறது. உச்சவரம்பால், பின்னால் சத்தம் கேட்டு வெடுக்கென்று திரும்ப முயலும்போது 180 டிகிரிக்குக் குறைந்தது 0.6 விநாடி பிடிக்கிறது; அதைவிட வேகமாகக் கை நகர்ந்திருந்தால், மிஞ்சிய தூரம் கணக்கில் வராமலே போய்விடுகிறது. கேட்பதற்கு 0.6 விநாடி சின்ன நேரம்தான். ஆனால் தூரத்துக்கும் கோணத்துக்கும் இருந்த உறவே அங்கே அறுந்துவிடுகிறது என்பதால், கையால் அதை ஒருநாளும் கற்றுக்கொள்ள முடியாது.

இதற்கு மாற்று அதே கருவிக்குள்ளேயே இருக்கிறது. அச்சின் வேக முறையை ‘இன்புட் வேல்யூ கெய்ன்’ என்று மாற்றினால், உள்ளே வரும் மதிப்பு ஒரு பெருக்கெண்ணோடு நேராகக் கோணத்தில் சேர்ந்துவிடும். வேகமும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. மாற்ற வேண்டியது ஒரு பட்டியல் தேர்வும், கூடவே அந்தப் பெருக்கெண்ணும்தான். அந்த முறை இயல்புத் தேர்வாக இல்லை என்பதும், புதிதாக வருகிறவர் அதைத் தேடிப் போவதற்கு ஒரு காரணமும் திரையில் தெரியாது என்பதும்தான் என் குறை.

அடுத்தது, கேமராவை யார் எழுதினாலும் ஒருமுறையாவது விழும் குழி. சினிமஷீனுக்கு வருமுன் நானே எழுதிய முதல் ஸ்கிரிப்டில் (சிறு நிரலில்), ‘எதையும் டெல்டா டைமால் பெருக்கு’ என்று எங்கோ படித்ததை நம்பி, மவுஸ் அசைவையும் அந்த டெல்டா டைமால், அதாவது திரையில் ஒரு படம் (பிரேம்) வரைந்து அடுத்தது வரையும்வரை ஆகும் பிரேம் நேரத்தால், பெருக்கிவிட்டேன். இதன் விளைவைச் சின்னக் கணக்கில் காட்டலாம். கை ஒரு விநாடியில் 600 எண்ணிக்கை நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் கணினியில் ஒவ்வொரு பிரேமுக்கும் 10 எண்ணிக்கை வரும். அதை 1/60-ஆல் பெருக்கி 60 முறை கூட்டினால் 10. விநாடிக்கு 30 பிரேம் ஓடும் பழைய மடிக்கணினியில் ஒவ்வொரு பிரேமுக்கும் 20 எண்ணிக்கை. 1/30-ஆல் பெருக்கி 30 முறை கூட்டினால் 20. அதே கை, அதே மேசை, அதே தூரம். பழைய கணினியில் மட்டும் கேமரா இரண்டு மடங்கு திரும்புகிறது. நடுவில் ஒரு வெடிப்புக் காட்சியில் பிரேம் குறைந்தால், ஒரே கணினியிலேயே சென்சிட்டிவிட்டி ஏறி இறங்கும். மவுஸ் அசைவு என்பது கடந்த பிரேமிலிருந்து இதுவரை சேர்ந்த தூரம். நேரம் ஏற்கனவே அதற்குள் அடங்கிவிட்டது. அதை மீண்டும் பெருக்குவது, உப்புப் போட்ட குழம்பில் மறந்துபோய் மறுபடி உப்புப் போடுவதற்குச் சமம்.

2 வரிசையின் ‘மேக்ஸ் ஸ்பீட்’ முறையிலும் மவுஸை நேராக இணைத்தால் இதே விளைவுதான். 3 வரிசையில் இதை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: 3.1 பதிப்பின் ‘இன்புட் ஆக்ஸிஸ் கன்ட்ரோலர்’ பகுதியில் ஒவ்வோர் அச்சுக்கும் ‘கேன்சல் டெல்டா டைம்’ என்றொரு பெட்டி இருக்கிறது. பிரேம் நேரம் நீண்டால் மவுஸ் அசைவும் தானாகவே கூடும், ஆகையால் அதற்கு இதை டிக் செய்யவேண்டும் என்னும் பொருளில் விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மாற்றம், ஆனால் ஒரே அச்சில் மவுஸையும் கேம்பேடையும் சேர்த்து இணைத்திருப்பவருக்கு ஒரு பெட்டி போதாது. மவுஸுக்கு அது டிக் ஆகியிருக்க வேண்டும், ஸ்டிக்குக்கு ஆகியிருக்கக் கூடாது. எந்தக் கருவி கையில் இருக்கிறதோ அதற்கேற்ப மாற்றும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

இந்த இடத்தில் ஒரு சுவையான செய்தி. யூனிட்டி நிறுவனமே புதியவர்களுக்காக இலவசமாகத் தரும் ‘ஸ்டார்ட்டர் அசெட்ஸ்’ தொகுப்பின் மூன்றாம் நபர் மாதிரியைத் திறந்து பாருங்கள். அதில் சினிமஷீன் இருக்கிறது. ஆனால் மவுஸைக் கவனிப்பது சினிமஷீன் இல்லை. பாத்திரத்தோடு இணைந்த ஒரு வெற்றுப் பொருளை ஒரு சிறிய ஸ்கிரிப்ட் நேரடியாகச் சுழற்றுகிறது; மேலே 70 டிகிரி, கீழே 30 டிகிரி என்று எல்லை கட்டியிருக்கிறது; கையில் இருப்பது மவுஸ் என்றால் பெருக்கெண் 1, இல்லையென்றால் டெல்டா டைம் என்று ஒரே வரியில் பிரித்துவிடுகிறது. சினிமஷீன் அந்தச் சுழன்ற பொருளைப் பின்தொடர்கிறது, அவ்வளவே. கருவியைச் செய்தவர்களே சுழற்றும் பொறுப்பைக் கைக்கும், பின்தொடரும் பொறுப்பைக் கருவிக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் நீண்ட நாள் முட்டிமோதி வந்து சேர்ந்த இடமும் இதுவே. அந்தத் தொகுப்பை முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் என் மாலைப்பொழுதுகள் பல மிச்சமாகியிருக்கும்.

ஃப்ரீலுக் கேமராவின் செங்குத்து அச்சைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இதைப் பலரும் கவனிப்பதில்லை. பாத்திரத்தைச் சுற்றி மேல், நடு, கீழ் என மூன்று வளையங்கள். அவற்றை இணைக்கும் ஒரு வளைகோட்டின்மேல் கேமரா ஏறி இறங்குகிறது. வளையங்களின் உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியே மாற்றலாம் என்பதால், கீழிருந்து பார்க்கும்போது பாத்திரத்தின் அருகில் வந்து முகத்தைக் காட்டவும், மேலிருந்து பார்க்கும்போது விலகிச் சென்று நிலத்தைக் காட்டவும் முடிகிறது. காட்சியாகப் பார்த்தால் மிக அழகு. ஆனால் கிடைமட்ட அச்சு டிகிரிக் கணக்கில் ஓட, செங்குத்து அச்சோ 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணாக ஓடுகிறது. இயல்பு வேகங்களே 300 என்றும் 2 என்றும் இருக்கின்றன. இரண்டையும் எந்தப் பொது அளவில் ஒப்பிடுவது? வளையங்களின் அளவை மாற்றினால், அதே 0.1 நகர்வு வேறு கோணமாகிவிடுகிறது. மவுஸை மேசைமேல் சரியாக 45 டிகிரிச் சாய்வில் இழுத்தால் பார்வையும் சாய்வாகச் செல்லவேண்டும் என்பது கையின் எதிர்பார்ப்பு. இங்கே அது வளைந்து செல்கிறது. ‘என்னமோ மாதிரி’ என்ற முறையீட்டுக்குப் பின்னால் இதுவும் இருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

3 வரிசையில் ஃப்ரீலுக் தனிக் கேமராவாக இல்லாமல், ‘ஆர்பிட்டல் ஃபாலோ’ என்ற பகுதியாகிவிட்டது. அதில் மூன்று வளையங்களுக்குப் பதிலாகக் கோள வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், செங்குத்து அச்சும் டிகிரியில் ஓடுகிறது. மவுஸ் விளையாட்டுக்கு நான் கோளத்தையே பரிந்துரைப்பேன். வளையங்களின் அழகை இழக்கிறோம், ஆனால் கைக்கு நேர்மையாக இருக்கிறோம். செங்குத்து எல்லையை 90 டிகிரிவரை விடாமல் சற்று முன்பே கட்டவேண்டும் என்பது பழைய பாடம். உச்சந்தலைக்கு நேர்மேலே போனால் எது முன், எது பின் என்று கேமராவுக்கே தெரியாமல், காட்சி சுழன்றுவிடும்.

இனி மிருதுவாக்கம். சினிமஷீனில் எங்கு பார்த்தாலும் ‘டேம்பிங்’ என்ற எண் இருக்கிறது, அதைக் கூட்டினால் எல்லாம் வெண்ணெய்போல் நகர்கிறது. பதிவு செய்த காணொளியில் அது எவ்வளவு அழகாக இருந்ததென்று மயங்கி, என் சோதனை விளையாட்டில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் அதைக் கூட்டி வைத்திருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகனை உட்கார வைத்தபோது, இரண்டு நிமிடம் கழித்து, “மாமா, தண்ணிக்குள்ள நின்னு திரும்புற மாதிரி இருக்கு” என்றான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதும் அது அழகாகவே தெரிந்தது. மிருதுவாக்கம் பார்க்கிறவருக்கு விருந்து, பிடிக்கிறவருக்குச் சுமை. அதை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு இப்போது நான் ஓர் எளிய வரையறை வைத்திருக்கிறேன்: பாத்திரம் ஓடுவது, குதிப்பது, படியேறுவது ஆகியவற்றால் கேமராவின் இடம் மாறும்போது டேம்பிங் இருக்கலாம், மவுஸால் கோணம் மாறும்போது அது அறவே கூடாது. படிக்கட்டில் ஏறும்போது செங்குத்து டேம்பிங் இல்லாவிட்டால் பார்வை ஒவ்வொரு படிக்கும் துள்ளும். அதை இந்தக் கருவி அழகாக ஆற்றிவிடுகிறது. கோணத்தின் முடுக்க நேரம், தணிப்பு நேரம் இரண்டையும் சுழியமாக்கிவிடுங்கள். பாத்திரத்தைச் சட்டகத்தில் நிறுத்தும் ‘கம்போசர்’ பகுதியின் டேம்பிங்கையும் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால், வேகமாகச் சுழற்றும்போது பாத்திரம் திரையின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டு, பிறகு மெல்ல நடுவுக்குத் திரும்பும். திரையில் நீலமாகவும் சிவப்பாகவும் வழிகாட்டிப் பட்டைகள் தெரிவதால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. இந்தப் பட்டைகளைப் போன்ற கண்ணால் பார்த்துத் திருத்தும் வசதியில் சினிமஷீனை நான் வேறெதனோடும் ஒப்பிடமாட்டேன்.

மிருதுவாக்கத்தோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று அதிர்வு. யூனிட்டியில் பௌதிகக் கணக்கு இயல்பாக விநாடிக்கு 50 முறை நடக்கிறது. திரையோ 60 அல்லது 144 முறை வரையப்படுகிறது. பாத்திரம் பௌதிகத்தின்படி நகர, கேமரா திரையின்படி சுழல, பாத்திரம் மட்டும் பொடிப்பொடியாக நடுங்கும். உடனே டேம்பிங்கைக் கூட்டி மூடிமறைக்கத் தோன்றும், செய்யாதீர்கள். பாத்திரத்தைப் பௌதிகத்தோடு இணைக்கும் ரிஜிட்பாடி பகுதியில் ‘இன்டர்போலேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, கேமராக்களை நடத்தும் தலைமைப் பகுதியான சினிமஷீன் பிரெய்னின் புதுப்பிப்பு முறையை ‘லேட் அப்டேட்’டில் வைத்தால் நோயே போய்விடும். ‘ஸ்மார்ட் அப்டேட்’ என்ற இயல்புத் தேர்வு பெரும்பாலும் சரியாக ஊகிக்கிறது. ஆனாலும் ஊகிக்க வேண்டிய நிலையிலேயே அதை விடாமல் இருப்பது நல்லது.

இந்தக் கருவியை நான் மனதாரப் பாராட்டும் இடத்துக்கு இப்போது வருகிறேன். என் சோதனை விளையாட்டு செட்டிநாட்டு வீடு ஒன்றில் நடக்கிறது: முகப்பு, திறந்த வளவு (நடுமுற்றம்), வளவைச் சுற்றி வரிசையாகத் தூண்கள், பிறகு குறுகலான இடைகழி. கேமராவுக்கு இதைவிடக் கொடுமையான தேர்வு இருக்க முடியாது. பாத்திரத்துக்கும் கேமராவுக்கும் நடுவே சுவர் வந்தால் கேமரா முன்னால் நகரவேண்டும் என்பது யாருக்கும் தெரியும்; கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்க்கோட்டை (ரே) எறிந்து, பட்ட இடத்தில் கேமராவை நிறுத்தும் ஸ்கிரிப்டை அரைமணியில் எழுதிவிடலாம். தூண் வரிசையில்தான் அது தோற்கும். மவுஸைச் சுழற்ற, ஒவ்வொரு தூணும் அரைக்கண நேரம் குறுக்கே வர, கேமரா முன்னும் பின்னுமாகப் பாய்ந்து பாய்ந்து வரும். மூன்று தூண் தாண்டுவதற்குள் தலை சுற்றும்.

2 வரிசையில் ‘கொலைடர்’ என்றும் 3 வரிசையில் ‘டீஆக்ளூடர்’ என்றும் பெயர்கொண்ட பகுதி இதை ஓர் எண்ணில் தீர்க்கிறது: மறைப்பு குறைந்தது இவ்வளவு நேரம் நீடித்தால் மட்டுமே செயல்படு என்று சொல்லும் ‘மினிமம் ஆக்ளூஷன் டைம்’. அதை 0.2 விநாடியாக வைத்தேன். தூண்கள் குறுக்கே வந்து போகின்றன, கேமரா அசைவதில்லை. சுவர் வந்து நின்றால் மட்டும் முன்னே வருகிறது. முன்னே வருவதற்கு ஒரு டேம்பிங், பின்னே திரும்புவதற்கு வேறொரு டேம்பிங் என்று பிரித்து வைத்திருப்பது அனுபவசாலியின் வேலை: சுவருக்குள் புகுமுன் விரைந்து முன்னே வரவேண்டும், ஆனால் தடை விலகியதும் நிதானமாகத்தான் பின்னே போகவேண்டும். நேராக முன்னே இழுப்பது, உயரத்தைக் காப்பாற்றுவது, தூரத்தைக் காப்பாற்றுவது என மூன்று உத்திகளும் தேர்வுக்கு உள்ளன; இடைகழியில் முதலாவதும், திறந்த வளவில் இரண்டாவதும் எனக்குப் பொருந்தின. பாத்திரத்தின் சொந்த உடலையே தடையாக எண்ணாமலிருக்க அதன் டேக்கை (அடையாளப் பெயரை) விலக்குப் பெட்டியில் எழுத மறக்காதீர்கள். கேமரா மிக அருகே வந்துவிடும்போது பாத்திரத்தின் பின்னந்தலை திரையை அடைத்துக்கொள்ளும். அப்போது பாத்திரத்தை மங்கலாக்கும் வேலையை இந்தக் கருவி செய்வதில்லை, நாம்தான் எழுதவேண்டும். அது ஒரு மாலை வேலை.

கேமராக்களுக்கு இடையிலான மாற்றமும் நன்றாகவே இருக்கிறது. இயல்பு நேரமான 2 விநாடி மவுஸ் விளையாட்டுக்கு நீளம். அரை விநாடிக்குக் குறையுங்கள். முந்தைய கேமரா பார்த்த திசையைப் புதிய கேமரா அப்படியே பெற்றுக்கொள்ளச் செய்யும் ‘இன்ஹெரிட் பொசிஷன்’ தேர்வை இயக்காவிட்டால், வளவிலிருந்து இடைகழிக்குள் நுழையும்போது விளையாடுகிறவர் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்க, கேமரா வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

‘ரீசென்ட்டரிங்’ என்னும் வசதி, கை சிறிது நேரம் அசையாமல் இருந்தால் கேமராவைத் தானாகப் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. கேம்பேடுக்கு இது உதவி. மவுஸ் பிடித்தவர் கையை அசைக்காமல் இருக்கிறார் என்றால், பார்க்க விரும்பிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். அணைத்துவிடுங்கள்.

மேற்சொன்னதெல்லாம் கர்சரைப் பூட்டிவைத்து, மவுஸ் அசைந்தாலே பார்வை திரும்பும் விளையாட்டுகளுக்கு. பொத்தானை அழுத்திப் பிடித்து இழுத்தால் மட்டும் கேமரா சுழலவேண்டிய விளையாட்டுகளில் சினிமஷீன் கொடுக்கும் உதவி குறைவு. 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதற்கு ஓர் இலக்கணமே வகுத்தது: இடப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் கேமரா மட்டும் பாத்திரத்தைச் சுற்றும், வலப் பொத்தானைப் பிடித்து இழுத்தால் பாத்திரமும் சேர்ந்து திரும்பும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன்னே நடக்கும். அங்கே இழுக்கும்போது கர்சர் மறைந்து, விட்டதும் மறைந்த இடத்திலேயே மீண்டும் தோன்றும். அதனால்தான் அடுத்த சொடுக்கைக் கண் தேடவேண்டியதில்லை. யூனிட்டியில் கர்சரைப் பூட்டினால் அது திரையின் நடுவுக்குப் போய்விடுகிறது. விட்டதும் அங்கேயே தோன்றுகிறது. பூட்டுமுன் இருந்த இடத்தைக் குறித்துவைத்து, விட்டதும் புதிய இன்புட் சிஸ்டத்தின் ‘வார்ப் கர்சர் பொசிஷன்’ கட்டளையால் திருப்பி அனுப்பவேண்டும். பொத்தான் அழுத்தப்பட்டிருந்தால் மட்டும் அசைவை உள்ளே விடுவதற்கு, 2 வரிசையில் ‘கெட் இன்புட் ஆக்ஸிஸ்’ என்ற பொது வாயிலில் நம் சொந்தச் செயற்கூறை மாட்டிவிடலாம். 3 வரிசையில் அந்த இன்புட் ஆக்ஸிஸ் கன்ட்ரோலர் பகுதியையே பொத்தானுக்கு ஏற்ப இயக்கி அணைக்கலாம். எதுவும் கடினமில்லை. ஆனால் மிகப் பரவலான இந்த முறைக்கு ஆயத்தமான ஒரு தேர்வுப் பெட்டி இல்லாதது வியப்பளிக்கிறது.

சக்கரத்தை உருட்டி அருகே வருவதற்கு 2 வரிசையில் தனி ஸ்கிரிப்ட் எழுதவேண்டியிருந்தது. 3 வரிசையின் ஆர்பிட்டல் ஃபாலோவில் ஆரத்தை மாற்றும் அச்சு ஒன்று சேர்ந்திருக்கிறது. அந்த அச்சில் ஒவ்வோர் உருட்டலுக்கும் ஒரே அளவைக் கழித்தால், தொலைவில் இருக்கும்போது அது போதாது, அருகில் இருக்கும்போது மிகுதி. ஒவ்வோர் உருட்டலுக்கும் இருக்கும் தூரத்தை 0.9-ஆல் பெருக்குவதே கண்ணுக்குச் சீராகப் படுகிறது. நான் அந்த மதிப்பைக் கன்ட்ரோலர் வழியாக விடாமல் நேராக எழுதிவிட்டேன்.

2-இலிருந்து 3-க்கு மாறுவோர் ஒரு நாளை ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பகுதிகளின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே மாறியிருக்கின்றன; ஸ்கிரிப்டுகளின் தலைப்பில் எழுதும், கருவியின் முகவரி போன்ற நேம்ஸ்பேஸும் மாறியிருக்கிறது. காட்சிகளையும் ‘பிரீஃபேப்’ எனப்படும் முன்மாதிரிகளையும் மாற்றித் தரும் கருவி கூடவே வருகிறது; நாம் எழுதிய ஸ்கிரிப்டுகளை நாமே திருத்தவேண்டும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி இன்னும் பழைய பெயர்களிலேயே இருப்பதால், புதியவர்கள் படிக்கும்போது எந்த வரிசைக்கு எழுதியது என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. விலை எதுவும் இல்லை. யூனிட்டியின் பேக்கேஜ் மேனேஜரில் பெயரைத் தேடி நிறுவினால் போதும்.

இதற்கு நிகரான மாற்று எது என்று கேட்பவர்களுக்கு: அன்ரியல் எஞ்சினின் ‘ஸ்பிரிங் ஆர்ம்’ இவ்வளவு திறமைசாலி இல்லை, ஆனால் அதில் கேமராப் பின்னடைவு இயல்பாக அணைந்தே இருப்பதால், முதல் நாளில் மவுஸுக்குப் பணிவாக இருக்கும். கோடோ எஞ்சினில் ‘ஸ்பிரிங்ஆர்ம்3டி’ உண்டு. அதற்கு மேற்பட்டவற்றை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

எல்லா அமைப்புகளையும் மாற்றி முடித்த இரவில், மேசைமேல் பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றை ஒட்டிவைத்து ஒரு சோதனை செய்தேன். வளவின் நடுவில் பாத்திரத்தை நிறுத்தி, ஒரு தூணைக் குறிவைத்து, அந்தத் தூண் மறுபடி அதே இடத்துக்கு வரும்வரை மவுஸை நகர்த்தினேன். முதலில் மெதுவாக, பிறகு வெடுக்கென்று. முதலில் மேசைக் கணினியில், பிறகு விநாடிக்கு 30 பிரேமைத் தாண்டத் திணறும் மடிக்கணினியில். நான்கு முறையும் 26 சென்டிமீட்டருக்கு அரை சென்டிமீட்டர் முன்பின்னாகவே வந்தது. அந்த அரை சென்டிமீட்டர் என் கை நடுக்கமாகத்தான் இருக்கவேண்டும். மறுநாள் காலை அக்கா மகன் அதே வீட்டுக்குள் முக்கால் மணி நேரம் சுற்றினான். கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வளவில் மழை பெய்யவைக்க முடியுமா என்றுதான் கேட்டான்.